மாக்கோ சுறாவை வாலிலிருந்து பாருங்கள்

சுறா என்றதும் எல்லோரும் வாயைத்தான் பார்க்கிறோம். மாக்கோவின் வாயும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. மூடினாலும் கீழ்த்தாடைப் பற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் அங்கே தொடங்கினால் மீதி மீன் கண்ணில் படாது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ கடற்பகுதியில் எடுத்த காணொளி ஒன்றைத் தேடிப் போடுங்கள். மாக்கோ குட்டிகள் வளரும் கடல் அது, படங்களுக்குப் பஞ்சமில்லை. ஒலியை மட்டும் அணைத்துவிடுங்கள், அந்தத் திகில் இசை எதையும் பார்க்க விடாது.

முதலில் வால். பெரும்பாலான சுறாக்களுக்கு வாலின் மேல்மடல் நீளம், கீழ்மடல் குட்டை. மாக்கோவுக்கு இரண்டும் ஏறக்குறையச் சமம், பிறை வடிவம். சூரை மீனுக்கும் இதே வால்தான். ஒன்று குருத்தெலும்பு மீன், மற்றது எலும்பு மீன், உறவு வெகுதூரம். வேகமாக நீந்த வேண்டிய கட்டாயம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அடுத்து உடலைப் பாருங்கள். நெளிவே இல்லை. முன்பகுதி விறைப்பாக நிற்க, வால்பகுதி மட்டும் படபடவென்று அடிக்கிறது. மற்ற சுறாக்களின் சோம்பலான வளைவுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு விலங்காகவே தோன்றும்.

சுறாக்களில் அதிவேகம் இதற்குத்தான். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சுற்றிவரும் எண்களில் எனக்கு ஈடுபாடில்லை. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சுவை. பெரும்பாலான மீன்களில் தோலுக்கடியில் கிடக்கும் சிவப்புத் தசை, மாக்கோவில் முதுகெலும்பை ஒட்டி உள்ளே இருக்கிறது. அது உழைத்துச் சூடேற்றிய இரத்தம் செவுளுக்குத் திரும்பும் வழியில், செவுளிலிருந்து குளிர்ந்து வரும் இரத்தத்தை நெருக்கமான குழாய் வலையில் உரசிச் செல்கிறது. வெப்பம் கைமாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள நீரைவிடச் சில டிகிரி சூடான உடம்பு. இதற்கு விலையும் உண்டு: நிறையத் தின்ன வேண்டும். மூச்சுக்காக நிற்காமல் நீந்தவும் வேண்டும்.

இப்போது பற்களுக்கு வரலாம். வெள்ளைச் சுறாவின் பல் ரம்பம்போல் அறுக்கும். மாக்கோவின் பல்லில் அந்த ரம்ப விளிம்பு கிடையாது. ஒல்லியாக வளைந்த முனைகள், வழுக்கும் சூரையையும் கணவாயையும் குத்திப் பிடிப்பதற்கு. வளர்ந்தவை வாள்மீனோடும் மோதும். வாள்மீனின் மூக்கு உடைந்து உடம்பில் தைத்த மாக்கோக்கள் கிடைத்திருக்கின்றன. ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலில் (1952) கிழவரின் மீனைத் தேடி முதலில் வருவதும் மாக்கோதான். எதிரி என்று தெரிந்தும் அதன் அழகை மறைக்காமல் எழுதியிருப்பார்.

சான் டியேகோ படங்களில் வருபவை பெரும்பாலும் இளசுகள். மூன்று மீட்டரைத் தாண்டிய பெண் எங்காவது தென்பட்டால் காட்சியை நிறுத்திப் பாருங்கள். பெண் மாக்கோ பருவமடையவே ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகும். கர்ப்பம் ஓராண்டுக்கும் மேல். குட்டிகள் கருவறையிலேயே கருவுறாத முட்டைகளைத் தின்று வளர்ந்து, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளத்தில் பிறக்கின்றன. இத்தனை மெதுவாகப் பெருகும் இனம் நெடுந்தூண்டில்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அருகிவர, 2019-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆணா பெண்ணா என்று அறிய வயிற்றுப்பக்கம் பாருங்கள்: பின்துடுப்புகளின் நடுவே கோல்போல இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் ஆண்.