ஒலிச்சுவடிகள்: தமிழ் இசைத்தட்டுகளைப் பனுவலாகக் கொள்வதன் தேவையும் எல்லையும்

முன்னுரை

பனுவல் என்பது எழுத்தாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் வாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்பது தமிழாய்வில் நிலைபெற்றுவிட்ட எண்ணம். எழுத்தாக உள்ளவை சுவடியியலுக்கும் பதிப்பியலுக்கும் உரியனவாகின்றன. வாய்மொழியாக உள்ளவை நாட்டார் வழக்காற்றியலுக்கு உரியனவாகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே, வாயால் பாடப்பெற்று அரக்குத் தட்டில் வரிப்பள்ளமாகப் பதிந்துவிட்ட பாடல்கள் பல உள. மக்கள் 'பிளேட்டு' என்றும் 'ரிக்கார்டு' என்றும் வழங்கிய இவ்விசைத்தட்டுகளைச் சேகரிப்போர் இந்தியா முழுவதும் இருக்கின்றனர். பழைய எல்.பி. தட்டுகளைத் தேடி வாங்கும் ஆர்வம் அண்மை ஆண்டுகளில் இளைஞரிடையேயும் பெருகியுள்ளது. ஆயினும் இத்தட்டுகளைப் பாடல் இலக்கியத்தின் சான்றாகக் கொண்டு படிக்கும் முறை தமிழில் இன்னும் வரையறுக்கப்படவில்லை. சேகரிப்போரின் சுவையுணர்வும் ஆய்வாளரின் நூலுணர்வும் தனித்தனியே இயங்குகின்றமையே இதற்குக் காரணம். இவ்விரண்டும் சேருமிடத்தையும் பிரியுமிடத்தையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஆய்வுப் பின்னணி

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் பிரெட் கைஸ்பர்க் மேற்கொண்ட பதிவுகளே இந்தியாவில் வணிக நோக்கிலான இசைத்தட்டுப் பதிவின் தொடக்கமாகக் கருதப்பெறுகின்றன. அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பப்பெற்று, அங்குத் தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை நிறுவப்பெற்றது. பின்னர் அது டம்டம் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. தமிழ்ப் பாடல்கள் பலவும் வங்காளத்தில் அச்சாகியே தமிழ்நாடு வந்து சேர்ந்தன என்பது பதிப்பு வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும். சென்னையில் அச்சான நூலைப் பற்றி ஆய்வாளர் அச்சகம், ஆண்டு, பதிப்பு ஆகியவற்றை வினவுகின்றனர். டம்டம்மில் அச்சான பாடலைப் பற்றி அவ்வினாக்கள் எழுவதில்லை.

சு. தியடோர் பாஸ்கரனின் 1981ஆம் ஆண்டு ஆங்கில நூல், நாடகப் பாடலும் இசைத்தட்டும் தேசிய இயக்கத்திற்கு ஊடகமாக நின்றமையைப் புலப்படுத்தியது. ஸ்டீபன் ஹியூஸ் 2002, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் தட்டு, வானொலி, நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் வணிகத் தொடர்பை விளக்கின. அமாண்டா வைட்மன் 2006இல் எழுதிய நூல் குரல் என்னும் கருத்தாக்கத்தை ஆராய்ந்தது. இவை அடித்தளமான ஆய்வுகள் என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றின் நோக்கம் சமூக வரலாறும் பண்பாட்டு வரலாறும் ஆகும். தட்டில் ஒலிக்கும் பாடலின் பாடம் எது, அது எந்த அளவிற்கு நம்பத்தக்கது என்னும் வினாக்கள் தமிழ்த்துறைகளுக்கே உரியவை.

முற்றுக்குறிப்பும் முகப்புச் சீட்டும்

ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் குறிக்கப்பெறுவது வழக்கம். தொடக்ககாலத் தட்டுகளிலும் இத்தகைய முற்றுக்குறிப்பு உண்டு. பாடி முடித்தபின் கலைஞர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லுவார். கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்லி முடிப்பது பலரும் அறிந்தது. தொலைவில் இருந்த அச்சுத் தொழிலாளர்க்குத் தட்டை அடையாளம் காட்டவே இவ்வழக்கம் ஏற்பட்டதாகக் கூறுவர். காரணம் எதுவாயினும், கச்சேரி மேடையில் பாடலாக மட்டும் ஒலித்த கலைஞர் ஒருவரின் பேச்சுக்குரல் ஒரு நொடியேனும் நின்றுவிட்டது.

தட்டின் நடுவில் ஒட்டப்பெறும் முகப்புச் சீட்டு வேறு வகைச் சான்று. அதில் நிறுவனத்தின் பெயரும் பாடியவர் பெயரும் தவறாது இருக்கும். இராகமும் தாளமும் பெரும்பாலும் இருக்கும். பாடலை இயற்றியவர் பெயர் பல தட்டுகளில் இராது. பாடியவரே பாடலுக்கு உரியவர் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நாடகப் பாடலாசிரியர் பலர் இலக்கிய வரலாற்றில் இடம்பெறாமற் போனமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மதுரகவி பாஸ்கரதாசின் நாட்குறிப்புகள் நூலாக வெளிவந்தமை இவ்வகையில் பெரும்பயன் தருவது. பாடலின் ஆசிரியரைத் தட்டைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. நாட்குறிப்பு, நாடகக் குழுக்கள் வெளியிட்ட பாட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் உள்ள பாட்டுப் புத்தகங்கள் இவ்வொப்பீட்டிற்கு இன்றியமையாதன.

முகப்புச் சீட்டிற்கும் வரிகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் ஓர் எண் பொறிக்கப்பெற்றிருக்கும். அது பதிவின் எண். சீட்டில் உள்ள எண் விற்பனைப் பட்டியலுக்கு உரியது. ஒரே பாடல் இருமுறை பதியப்பெற்றிருப்பின், பதிவு எண்ணே ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தும். சேகரிப்போர் இதனை நன்கு அறிவர். பம்பாயில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும் அதன் இதழும் இத்தகைய விவரங்களைத் தொகுப்பதில் முன்னின்றன. தமிழாய்வேடுகளிலோ, 'பழைய இசைத்தட்டு ஒன்றில்' என்று சுட்டுவதோடு அமைகின்றனர். 'பழைய ஏடு ஒன்றில்' என்று ஒரு பதிப்பாசிரியர் எழுதினால் அதனை ஆய்வுலகம் ஏற்காது.

மூன்று நிமிடப் பாடம்

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமும் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமும் ஒலிக்கும். இவ்வெல்லை பாடத்தையே மாற்றியது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளும் பல சரணங்கள் உடையவை. அவற்றில் சரணங்கள் வெறும் அடுக்குகளாக நில்லாமல், கதைமாந்தரின் மனநிலையைப் படிப்படியாக வளர்த்துச் செல்கின்றன. வேண்டுதலாகத் தொடங்கும் பாடல் இடையில் முறையீடாகி இறுதியில் தெளிவாக முடிவதுண்டு. பல்லவியும் அனுபல்லவியும் ஒரு சரணமும் மட்டும் தட்டில் ஏறும்போது இவ்வளர்ச்சி அறுபடுகின்றது. நந்தனாரின் குரலாக இருந்தது பொதுவான பக்திக் குரலாகிவிடுகின்றது. யார், யாரிடம், எந்நிலையில் கூறியது என்னும் துறைக்குறிப்பை இழந்த அகப்பாடலோடு இதனை ஒப்பிடலாம்.

ஒரே சரணத்தைப் பாடும் வழக்கத்தை இசைத்தட்டு மட்டுமே தோற்றுவித்தது என்று கூறுதல் மிகையாகும். கச்சேரி அமைப்பில் நேர்ந்த மாற்றங்களும் அதற்குக் காரணமாயின. ஆனால் தட்டில் கேட்டதே முழுப்பாடல் என்னும் எண்ணத்தைப் பரப்பியதில் தட்டின் பங்கு பெரிது. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் இடம் தந்தது. கால எல்லை நீங்கிய பின்னரும் விடுபட்ட சரணங்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. கருவியின் கட்டாயம் மறைந்தபின் அது செவியின் வழக்கமாக நிலைத்துவிட்டது.

சுருதியும் சுழற்சியும்

தட்டு ஒலிக்கும் பாடம் கேட்போரின் கருவியைப் பொறுத்து மாறுவது என்பதைப் பலர் கருதுவதில்லை. '78 சுற்று' என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. தொடக்ககாலத் தட்டுகள் நிமிடத்திற்கு 70 முதல் 80க்கு மேலும் பல்வேறு வேகங்களில் பதியப்பெற்றன. சில நிறுவனங்கள் 80 சுற்று என்றே சீட்டில் குறித்தன. 78 சுற்றில் ஒலிக்க வேண்டிய தட்டை 82 அல்லது 83 சுற்றில் சுழற்றினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும், காலப்பிரமாணமும் விரையும்.

எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் இவ்விடத்தில் எடுத்துக்காட்டத்தக்கது. 1906இல் பிறந்து 1933இல் மறைந்த அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. இன்று அவர் கலைக்கு எஞ்சியுள்ள நேர்ச்சான்று இசைத்தட்டே. அவருடைய உச்சச் சுருதியைப் பற்றி எழுதுவோர் தாம் கேட்ட படியின் வேகத்தைக் குறிப்பதில்லை. அரைக் கட்டை வேறுபாடு என்பது, ஒரு குரலின் ஆற்றலைப் பற்றிய கூற்று வரலாறாகுமா புகழ்ச்சியாகுமா என்பதை முடிவுசெய்யும் வேறுபாடு. இதனைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. நாடகப் பாடல் தட்டுகளில் ஆர்மோனியம் உடன் ஒலிப்பது பெருவழக்கு. ஆர்மோனியத்தின் கட்டைகள் நிலைத்த சுருதி உடையவை. தட்டை எந்த வேகத்தில் சுழற்றினால் ஆதார சுருதி ஒரு கட்டையோடு பொருந்துகின்றது என்று கணிக்கலாம். கருவிக்குக் கருவி சிறு வேறுபாடு இருக்குமாதலின், ஒரே பதிவு அமர்வைச் சேர்ந்த பல தட்டுகளை ஒப்பிட்டால் முடிவு உறுதிப்படும். பல ஏடுகளைக் கொண்டு ஒரு பாடத்தைத் துணியும் பதிப்பு நெறியே இது.

உச்சரிப்பு ஆய்விலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. 1925 வரை ஒலிவாங்கி இன்றிக் கூம்பின் வழியே பதிவு நடந்தது. அம்முறையில் உயர் அதிர்வெண் ஒலிகள் பெரிதும் பதியவில்லை. சகரத்தின் உரசொலி வேறுபாடுகளை உணர்த்தும் ஒலியாற்றல் அப்பகுதியிலேயே மிகுதி. ஆதலின் கூம்புக்காலத் தட்டு ஒன்றைக் கேட்டு, பாடகி சகரத்தை எவ்வாறு ஒலித்தார் என்று முடிவு கூறுதல் துணிச்சலான செயல். உயிரின் நீட்டம், புணர்ச்சி, சீர் பிரிப்பு ஆகியவற்றிற்கு அதே தட்டு நல்ல சான்று. எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்று பகுத்தலே திறனாய்வின் முதற்பணி.

தேய்வு என்னும் சான்று

சேகரிப்போர் தட்டின் மதிப்பை அதன் தூய்மையால் அளக்கின்றனர். கீறலும் தேய்வும் இல்லாத தட்டிற்கே விலை மிகுதி. ஓசைத் தெளிவை விரும்புவோர்க்கு இது இயல்பானது. வரலாற்று நோக்கில் இம்மதிப்பீடு தலைகீழாகும். பழைய கிராமபோன் பெட்டியின் எஃகு ஊசி, தட்டை ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் வரியைச் சிறிது அரித்தது. விரும்பிக் கேட்கப்பெற்ற தட்டு தேய்ந்தது. கேட்பாரற்ற தட்டு புதிதாகவே நின்றது. எனவே தூய தட்டுகளை மட்டும் கொண்ட தொகுப்பு, அக்கால மக்கள் சுவைத்தவற்றைக் காட்டிலும் சுவையாதவற்றையே மிகுதியாகக் காத்திருக்கக் கூடும். பரிசாகப் பெற்றும் பெட்டியில் பூட்டியும் காக்கப்பெற்றவை விதிவிலக்காகலாம், பொதுப்போக்கு இதுவே.

இன்றைய கணினி வழிப் படிகளிலும் இச்சிக்கல் தொடர்கின்றது. இரைச்சலை நீக்கும்போது குரலின் நுண்ணொலிகளும் உடன் நீங்குகின்றன. மூல ஏட்டைத் திருத்தி எழுதியபின் ஏட்டை எறிந்துவிடுவது போன்றது, திருத்திய ஒலிப்படியை மட்டும் வைத்துக்கொள்வது. இரைச்சல் நீக்கிய படி சுவைப்பதற்கு ஏற்றது. ஆய்விற்கு நீக்காத படியும் காக்கப்பெறுதல் வேண்டும்.

இதனால் சேகரிப்போரின் பணி குறைவுடையது என்பது கருத்தன்று. நிறுவனங்கள் காவாது விட்டவற்றைத் தனிமனிதரின் ஆர்வமே காத்தது. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றோர் பல்லாண்டுகள் உழைத்துத் திரட்டியிராவிடின், இன்று பேசுதற்குரிய பொருளே குறைந்திருக்கும். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானபோது பழம்பொருள் தேடுவோர் ஒரு பெரும் நிலைக்களத்தை இழந்தனர். மேலும், ஒரு பாடகரின் மூச்சு எங்கே நிற்கின்றது, எந்தச் சொல்லில் குரல் தழைகின்றது என்பனவற்றைப் பலமுறை கேட்டுச் சுவைத்தவரே உணர்வர். இச்செவிப்பழக்கம் ஏட்டின் எழுத்தோடு பழகிய கண்பழக்கத்திற்கு நிகரானது. சுவை இல்லாத ஆய்வாளர்க்குத் தட்டு பேசாது.

முடிவுரை

இசைத்தட்டைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகள் பதிவு எண், பட்டியல் எண், சீட்டில் உள்ள பெயர்கள், கேட்ட படியின் வேகம், தட்டின் தேய்வு நிலை, விடுபட்ட சரணங்கள் ஆகிய ஆறனையும் குறிப்பது முறையாகும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகள் நிலவுகின்றது. எனவே அரக்குத் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் ஒலிப்பதிவு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. பாடலாசிரியர் உரிமை தனியே கருதத்தக்கது. உரிமைத் தடை குறைந்துள்ள இந்நாளில், சேகரிப்போரோடு இணைந்து விளக்கப் பட்டியல் உருவாக்குவது தமிழ்த்துறைகளால் இயலும் பணி. தமிழகத்திற்கு வெளியே உள்ள துறைகளுக்கு இதில் தனிப்பங்கு உண்டு. கொல்கத்தாவிலும் மும்பையிலும் பழந்தட்டுக் கடைகளில் தமிழ்த் தட்டுகள் மொழி அறியாதார் கையில் தங்கிவிட வாய்ப்புண்டு. சீட்டைப் படிக்கவல்லார் அங்கேயே இருத்தல் வேண்டும். ஏடு செல்லரித்தது, தட்டு உடைகின்றது. ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த தலைமுறையின் நூற்பதிப்பு நெறி தமிழாய்விற்கு வாய்த்துள்ளது. அந்நெறியைச் செவிக்கும் உரியதாக்குதல் இத்தலைமுறையின் கடமையாகும்.