ஒரே ஆட்டக்காரன் கையில் இருக்கும் எண்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் மாவட்டத்துக் கிளிஞ்சல்மேட்டிலும் விசைப்படகுக்காரர்களுக்கு அப்போது தொழில் இல்லை. வலை சரிபார்ப்பது, படகுக்கு வண்ணம் அடிப்பது போக, இளைஞர்களிடம் மிஞ்சுவது நேரமும் கைபேசியும். ஐ.பி.எல். கிரிக்கெட்டின் உச்சகட்டமும், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் பிளே-ஆஃப் ஆட்டங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களில்தான் வருகின்றன. வருமானம் நின்ற வீட்டில் பணம் கட்டி ‘டீம் போடும்’ ஆசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நாட்காட்டியை மறந்துவிடக் கூடாது.

எந்த அணி ஜெயிக்கும் என்று கட்டுவது பழைய பந்தயம். இந்த ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார், கூடை தவறித் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எத்தனை முறை பிடிப்பார் என்று கட்டுவது புதியது. இந்தியாவில் அது ஃபேண்டஸி விளையாட்டு என்ற பெயரில் பரவியது. 2008இல் தொடங்கிய டிரீம்11 அதில் முதன்மையாக இருந்தது, என்.பி.ஏ.வோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் கிரிக்கெட் ஆட்டத்தில் 100 கிரெடிட் என்ற வரம்புக்குள் 11 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது; ‘டீம் போடுவது’ என்பது இதுதான். கேப்டனின் புள்ளி இரட்டிப்பானது, வைஸ் கேப்டனுடையது ஒன்றரை மடங்கானது.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. டீம் போடுகிறவன் நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பந்தைப் பறிப்பவன், பாஸ் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவன், காயத்திலிருந்து திரும்பியவன் என எல்லோரையும் கவனிக்கிறான். இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியதோடு சரி; உலகக் கோப்பையில் ஒருமுறைகூட ஆடியதில்லை. நம் அணி இல்லாத போட்டியில் ரசிகனை உட்கார வைப்பது அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் மீதான இந்தக் கவனம்தான். காசில்லாமல் ஆடினால் இதை நான் விளையாட்டுக் கல்வி என்றே சொல்வேன்.

காசு வந்ததும் கணக்கு மாறுகிறது. நம் நீதிமன்றங்கள் இதில் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி, திறமையா அதிர்ஷ்டமா என்பது. குதிரைப் பந்தயம் திறமையின் பாற்பட்டது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஃபேண்டஸி விளையாட்டையும் 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் திறமை விளையாட்டு என்றது. அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதிகத் திறமை உள்ளவனே தொடர்ந்து ஜெயிப்பான். அமெரிக்காவில் 2015 பேஸ்பால் பருவத்தின் முற்பாதியை ஆராய்ந்தபோது, தினசரி ஃபேண்டஸி ஆட்டங்களின் லாபத்தில் 91 விழுக்காட்டை 1.3 விழுக்காட்டினரே அள்ளியிருந்தார்கள். கணினி நிரல் வைத்து நூற்றுக்கணக்கான டீம் போடுகிறவர்கள் அவர்கள். சுருக்குமடி வலைக்காரனும் தூண்டில்காரனும் ஒரே இடத்தில் இறங்குவது போன்ற போட்டி இது. திறமை என்ற வாதம் புதிதாக வருகிறவனைக் காப்பதில்லை; அவன் தோற்பதை உறுதிசெய்கிறது.

இதைவிட ஆழமான ஓட்டை வேறொன்று. ஓர் அணியைத் தோற்கடிக்கப் பலர் சேர வேண்டும். தன் புள்ளியைக் குறைத்துக்கொள்ள ஒருவன் போதும். டொரண்டோ ராப்டர்ஸ் வீரர் ஜோன்டே போர்ட்டர் 2024 மார்ச் 20 அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி, மூன்று நிமிடம் மட்டும் ஆடிவிட்டு வெளியேறினார். அவருடைய எண்கள் குறைவாகவே இருக்கும் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். ஜெயித்தால் 11 லட்சம் டாலர். அந்த ஏப்ரலில் என்.பி.ஏ. போர்ட்டரை ஆயுளுக்கும் தடை செய்தது. ஜூலையில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடன்தான் அவரை அதில் தள்ளியது. பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரத்தைவிட, ஒப்பந்தம் நிலைக்குமா என்று அஞ்சும் கடைசி வரிசை ஆட்டக்காரனைத்தான் இந்தப் பந்தயம் முதலில் விலைக்கு வாங்குகிறது. அவன் எண்ணை நம்பித் தடைக்காலத்தில் பணம் கட்டியவனுக்கோ, தான் ஏமாற்றப்பட்டது கடைசிவரை தெரியாது.

சட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. ரம்மியையும் போக்கரையும் தடைசெய்த பகுதி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. 2025இல் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைக்கச் சொல்லின. இவை எல்லாம் காரைக்கால் எல்லையான வாஞ்சூரோடு நின்றுவிட்டன. தமிழ்நாட்டு நாகூருக்கு ஒரு விதி, பக்கத்துக் காரைக்காலுக்கு வேறு விதி என்றால், கைபேசியில் நடக்கும் ஆட்டத்தில் யாரைக் காப்பாற்ற முடியும்? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். டிரீம்11 உடனே கட்டண ஆட்டங்களை நிறுத்தியது. இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் அது தானாக வேலை செய்யாது. உள்நாட்டு நிறுவனமாவது வரி கட்டியது, அடையாளம் கேட்டது. வெளிநாட்டுச் செயலிகள் டெலிகிராம் வழியாக ஆள் பிடித்து, யாரோ ஒருவரின் கணக்குக்கு யு.பி.ஐ.யில் பணம் வாங்குகின்றன. ஜெயித்த பணத்தைக் கேட்டால் முகவரி இல்லை. வருமானம் நின்ற நாட்களில் இந்த ஆசை வளராதிருக்க, புதுச்சேரி அரசு தடைக்கால நிவாரணத்தைத் தடை தொடங்கும்போதே கொடுக்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் இந்தச் செயலிகளைப் பற்றிக் கூட்டத்தில் வாய்விட்டுப் பேசட்டும். பணத்தை இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கட்டும். மனம் உடைந்து போயிருந்தால் 14416இல் டெலி மானஸ் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.