துலாம்பென் கரையோரக் கப்பல்

பாலித் தீவின் துலாம்பென்னில் பட்டு மணலைத் தேடாதீர்கள். கறுத்த எரிமலைக் கூழாங்கல்தான். தடுமாறித்தான் இறங்க வேண்டும். முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும், கொஞ்ச தூரம் நீந்தினாலே ‘லிபர்ட்டி’ வந்துவிடும். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய சரக்குக் கப்பல். இந்தக் கரையில் தரைதட்ட விட்டார்கள். 1963-இல் அகுங் எரிமலை குமுறியபோது கடலுக்குள் சரிந்தது.

வழியில் கரிய சரிவில் தோட்ட விலாங்குகள் புல் முளைத்தாற்போல் அசையும்; ஏதேனும் நெருங்கினால் வளைக்குள் மறையும். கப்பலின் மேல்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. இரும்பு எது, பவளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது கிளிமீன்தான். அது பவளத்தைக் கொறிக்கும் ‘நறுக் நறுக்’ நீருக்குள் நன்றாகவே கேட்கும். அரைத்ததை மணலாகக் கழித்துவிட்டு அடுத்த கடிக்குப் போய்விடும். விடிந்ததும் இறங்கிவிடுங்கள், நேரமானால் முக்குளிப்போர் கூட்டம் மொய்த்துவிடும்.