கழித்தற் கணக்கும் கதிரவன் வெப்பமும்

ஒரு பொருளை நேரே அளந்தறிதல் எளிது. இரு பெருந் தொகைகளை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சிய சிறு பகுதியை இதுவே உண்மையென நாட்டுதல் அரிது. கதிரவனொளி வளிமண்டலத்தை நேரே எவ்வளவு வெப்பமாக்குகின்றது என்னும் வினா இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

காலநிலையைக் கணினியிற் கணிக்கும் மாதிரிகள் வளிமண்டலத்தைப் பல படைகளாகப் பகுத்துக்கொள்கின்றன. ஒரு படையினுட் புகும் ஒளி எவ்வளவு, அதனை விட்டு மேலுங் கீழுமாக வெளியேறும் ஒளி எவ்வளவு என்று கணித்து, வேறுபாட்டை அப்படை உறிஞ்சிய வெப்பமெனக் கொள்கின்றன. உயரத்தில் ஓசோன் ஊதாக்கடந்த கதிரை உறிஞ்சும். தாழ்விலே நீராவி செந்நிறக்கீழ்க் கதிரை உறிஞ்சும். நீராவி உறிஞ்சும் அலைநீளங்களோ பல்லாயிரம். அவற்றைத் தனித்தனியே எல்லா இடத்துக்கும் எல்லா வேளைக்கும் கணித்தல் இயலாமையின், சில பட்டைகளாகத் தொகுத்துக் கணிப்பர். சாய்ந்து வரும் கதிர் நெடுவழி செல்லும் என்பதும், முகிலினுட் புகுந்த கதிர் துளிக்குத் துளி சிதறும் என்பதும் இக்கணக்கை மேலும் சிக்கலாக்கும்.

1995 ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த மூன்று கட்டுரைகள் இக்கணக்கின்மேற் பெருங்குற்றஞ் சாட்டின. செஸ் என்பாரும் அவர் குழுவினரும் செய்மதி அளவுகளை நிலத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டனர். பிலெவ்ஸ்கி, வலேரோ ஆகிய இருவரும் முகிலின் மேலுங் கீழும் பறந்த விமானங்களின் அளவுகளை ஆராய்ந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதனும் அவருடன் பணியாற்றியோரும் மேலைப் பசுபிக் சமுத்திரத்தின் வெப்ப வரவு செலவைக் கணக்கிட்டனர். மூவழியானும் போந்த முடிபு ஒன்றே: மாதிரிகள் கூறுவதினும் மிகையாக முகில்கள் ஒளியை உறிஞ்சுகின்றன. அம்மிகை உலக சராசரியிற் சதுரமீற்றருக்கு 25 உவாற்று அளவினது என்றும் மதிப்பிடப்பட்டது.

இம்முடிபை ஏற்றற்குத் தடையுண்டு. சமுத்திரத்தின் வரவு செலவிலே நீர் ஆவியாதல், நீரோட்டம் முதலிய ஒவ்வொன்றின் பிழையும் இறுதி எச்சத்திலே வந்து சேரும். கல்லாப்பெட்டியிற் பணங் குறைந்தது கண்டு, குறைந்தது என்று சொல்லலாம். எடுத்தவன் பெயரையும் சொல்லிவிடலாமோ? 1995 இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில் நிகழ்ந்த பறப்பளவீடு ஐயத்தைத் தீர்க்கவில்லை. 2000 இல் அங்கே திருந்திய கருவிகளோடு மீண்டும் அளந்தபோது அப்பெருமிகை காணப்படவில்லை.

ஆயின், மாதிரிகள் குற்றமற்றவை என்று வாதித்தோரும் வென்றாரல்லர். வளிமண்டலம் உறிஞ்சும் ஒளி சதுரமீற்றருக்கு 67 உவாற்று என்று 1997 இற் கீல், திரென்பேத் ஆகியோர் எழுதினர். திரென்பேத், பசூலோ, கீல் ஆகியோர் 2009 இல் அதனை 78 ஆக உயர்த்தினர். உயர்வுக்குக் காரணம் முகிலன்று. நீராவியின் உறிஞ்சலும் காற்றில் மிதக்கும் நுண்டுகள்களும் முன்னர்க் குறைவாக மதிக்கப்பட்டிருந்தமையே. குற்றஞ் சாட்டியோர் குறையுண்டென்று கண்டது சரி. கள்வனென்று பிடித்தது தவறு.

இதே இராமநாதன் 2007 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். வாடைக்காற்று வீசும் மாதங்களிலே தெற்காசியாவின் விறகடுப்புப் புகையும் வாகனப் புகையும் இந்து சமுத்திரத்தின்மேற் பழுப்பு நிறப் படலமாய்ப் பரவும். இதனை மாலைதீவை நடுவாகக் கொண்டு 1999 இல் நடந்த பன்னாட்டு ஆய்வு விரிவாக அளந்திருந்தது. 2006 மார்ச்சில் இராமநாதன் குழுவினர் ஆளில்லாச் சிறு விமானங்கள் மூன்றை அப்படலத்தின் மேலும் உள்ளும் கீழுமாக, ஒன்றின் நேர்கீழ் ஒன்றாகப் பறக்கவிட்டனர். ஒரே வேளையில் மேலளவும் கீழளவும் கிடைத்தமையாற் கழித்தற் கணக்கு வானத்திலேயே நிகழ்ந்தது எனலாம். புகைக்கரியும் பிற துகள்களும் தாழ்வளியின் சூரிய வெப்பமூட்டலை நூற்றுக்கு 50 அளவு மிகுவித்தன என்பது அவர் கண்டது. 1995 இன் கட்டுரையிலும் இது பன்மடங்கு உறுதியானது.

எனினும் கட்டுரை அவ்வளவில் நிற்கவில்லை. அளந்ததை ஒரு காலநிலை மாதிரியினுள் இட்டு, தெற்காசிய வளியின் வெப்பவுயர்விற் பழுப்பு முகிலின் பங்கு பசுமையில்ல வாயுக்களின் பங்கை ஒத்ததென்றும், இமயப் பனியாறுகள் பின்வாங்குதற்கு இவ்விரண்டும் கூடிய வெப்பமே போதிய காரணமாகலாம் என்றும் கூறுகின்றது. மாலைதீவின் கடல்மீது ஒரு மாதத்தில் அளந்தது இமயச்சாரல் வரை நீட்டப்படுகின்றது. கங்கைச் சமவெளியில் மண்டூசியும் புகைக்கரியும் கலக்கும் விகிதம் கடல்மேற் போன்றதன்று. முற்பகுதியை அளவென்றும் பிற்பகுதியைக் கணிப்பென்றும் பிரித்துப் படித்தல் வேண்டும்.

இப்பிரிப்பு வெறும் நுணுக்கமன்று. வளியிலே உறிஞ்சப்பட்ட ஒளி கடலை வந்தடையாது; கடல் குளிரின் ஆவியாதல் குறையும்; ஆவி குறையின் மழை குறையக்கூடும். 2005 இல் இராமநாதன் குழுவினர் பருவமழை பற்றி எழுப்பிய அச்சமும் இவ்வழியே வந்தது. மானாவாரி நெல்லை நம்பியிருக்கும் உழவனுக்குச் சதுரமீற்றருக்குப் பத்து உவாற்று என்பது சிறு தொகையன்று. அத்தொகையிற் கருவி அளந்தது எவ்வளவு, மாதிரி கூட்டியது எவ்வளவு என்று கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு.