ஏற்றத்தில் பார், இறக்கத்தில் நில்

முதல் தடவை அட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் சைக்கிளில் போனபோது, டிக்கோயா தாண்டி வந்த ஓர் இறக்கத்தில் பிரேக்கையே தொடாமல் விட்டேன். காதில் காற்று, கண்ணில் தண்ணீர். கீழே போய் நின்றதும் யாராவது என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தால், "பச்சை" என்றுதான் சொல்லியிருப்பேன். திரும்பும்போது அதே சாலை ஏற்றமாகிவிட்டது. மூச்சு வாங்க, சின்ன கியரில், நடக்கிற ஆளின் வேகத்தில் ஏறினேன். அந்தப் பச்சைக்குள் இரண்டு வரிசை லய வீடுகளும், தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளும், கொழுந்து நிறுக்கிற மடுவமும், மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு கல்லும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து இலங்கை மலையகத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களிடம் ஒன்றைத்தான் சொல்லி வருகிறேன். ஏற்றம் பார்ப்பதற்கு. இறக்கத்தில் எதையாவது பார்க்க வேண்டுமானால் இறங்கி நில்லுங்கள்.

தோட்டங்களுக்குள் மிதிப்பது வேறு நாட்டிலும் உண்டு. பிரான்சில் பர்கண்டிப் பக்கம் போனால், போன் நகரத்திலிருந்து சாந்தெனே வரை திராட்சைத் தோட்டங்களின் ஊடாகச் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர் போத்தலிலும் ஏறும். 2015இல் அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் வைத்தது. நம் தேயிலைத் தோட்டமும் துண்டு துண்டாகத்தான் பிரிந்திருக்கிறது. ஆனால் இங்கே துண்டுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். தோட்டத்துப் பேச்சில் 'மலை' என்பது சிகரமல்ல. கொழுந்தெடுக்கிற ஒரு பிரிவு. "இன்னைக்கு ஏழாம் நம்பர் மலையில வேலை" என்று காதில் விழுந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டாம். டன்கெல்ட், ஹோலிரூட் போன்ற பெரிய பெயர்களெல்லாம் தோட்டம் முழுவதற்கும் உரியவை. ஸ்கொட்லாந்துத் துரைமார் தங்கள் நாட்டை நினைத்து வைத்துவிட்டுப் போனவை.

இனி அந்தப் பச்சையைப் படிக்கலாம். எதிர்ச்சரிவை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். இளமஞ்சள் கலந்த வெளிர்பச்சை, கொழுந்து திரண்டு எடுக்கத் தயாராக நிற்கும் மலை. பக்கத்திலேயே கரும்பச்சை என்றால் நேற்றோ முந்தாநாளோ கைபட்ட இடம். கொழுந்து சுமார் ஒரு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுவதால், சரிவின் நிறமே நாள்காட்டிபோல நகர்ந்துகொண்டிருக்கும். சாம்பல் நிறத்தில் வெறும் குச்சியாக நிற்பது பட்டுப்போன தேயிலை அல்ல, கவ்வாத்து வெட்டிய மலை. சில வருடங்களுக்கு ஒரு முறை செடியை இப்படி வெட்டிக் குட்டையாக்குவார்கள். வெட்டிய குச்சி, அதாவது மிலாறு, அடுப்புக்குப் போகும். மாலையில் அதைக் கட்டாகத் தலையில் சுமந்து வருபவர்கள் எதிர்ப்பட்டால் சாலையை அவர்களுக்கு விடுங்கள். மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப்பூ நிறையப் பூத்துக் கிடக்கிறதா? அழகுதான். ஆனால் தேயிலை அப்படிப் பூத்துத் தள்ளுகிறதென்றால் அங்கே கை குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சரிவின் குறுக்கே கோடு கோடாக ஓடுபவை கான்கள். மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலிருக்க வெட்டியவை. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு கானை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். மலையைச் சுற்றி எங்கெங்கோ போகும். அத்தனையும் மண்வெட்டியால் இழுத்த கோடு. அந்த மண்வெட்டியைப் பிடித்தவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். 2023இல், வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் ஒரு நடைபயணம் போனது. சைக்கிளில் முக்கி ஏறும்போது இது ஞாபகத்துக்கு வந்தால் முனகல் கொஞ்சம் குறையும்.

எந்த வழியில் போவது? எனக்குப் பிடித்தது அட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை. காசல்ரீ நீர்த்தேக்கம் வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துக்கொண்டே வரும். நீர்த்தேக்கத்தின் மேலே வார்லி தேவாலயம், 1878இல் கட்டிய கல் கட்டடம். கல்லறைத் தோட்டத்தில் துரைமாரின் பெயர்களை வாசிக்கலாம். பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரூன் கிடக்கிறார். டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்த அதே அம்மையார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் இறந்தார். ஒளிப்படக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு அந்தக் கல்லறையே ஒரு யாத்திரை. எனக்கோ அங்கே நின்றபோது கண் வேலிக்கு வெளியே போனது. தேயிலைக்கு முந்தைய கோப்பி காலத்திலும் தேயிலை காலத்திலும் செத்த தோட்டத் தொழிலாளர்களுக்குக் கல் இல்லை. அவர்கள் மேல் தேயிலை நிற்கிறது. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நூலைப் பயணத்துக்கு முன் படித்துவிட்டு வந்தால் இந்தச் சரிவுகள் வேறு மாதிரித் தெரியும்.

மஸ்கெலியாவுக்குத் திரும்புகிறவர்கள் கோடையில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கவனிக்க வேண்டும். அதன் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் மூழ்கிய கோயிலின் இடிபாடு வெளியே வரும்.

இன்னொரு வழி கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா. டெவன், செயின்ட் கிளேயர் அருவிகள் சாலையிலிருந்தே தெரியும். பஸ்ஸும் வேனும் அதிகம். கணக்கையும் கவனியுங்கள்: அட்டன் கிட்டத்தட்ட 1,270 மீட்டர் உயரம், தலவாக்கலை அதைவிடச் சற்றுக் கீழே, நுவரெலியா 1,868. ஆக, காலையில் சும்மா உருட்டிவிட்டு உண்மையான வேலையை மத்தியானத்துக்கு வைத்திருக்கும் பாதை இது. காலில் பலமில்லாதவர்கள் நுவரெலியாவில் தொடங்கி அட்டனுக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். மே பிறந்தால் தென்மேற்கு மழை அட்டன் பக்கத்துச் சரிவுகளில் விடாமல் அடிக்கும். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும், காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த மாதமானாலும் மாலை நாலுக்கு மேல் பனிமூட்டம் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் இறங்கிவிடலாம். முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும். பிரேக் இரண்டையும் புறப்படும் முன்பே சரி பாருங்கள். இறக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். கொழுந்தெடுக்கும் இடத்தில் கமெராவை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து, அதற்கு மேல் எழுந்த இரண்டு இலையும் குருத்தும் மட்டும் கிள்ளும் அந்தக் கைகளுக்கு நேரம் கணக்கு. கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. மடுவத்தில் நிறுவை நடக்கும் நேரத்திலோ தேத்தண்ணி வேளையிலோ போய் நின்றால் பேச்சு தானாக வரும்.

"எங்கருந்து தம்பி வாரீங்க?"

"அட்டன்லருந்துக்கா."

"இந்த சைக்கிள்லயா? ஏன், பஸ் ஓடலயா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் கிடையாது. சிரித்துவிட்டு அவர்கள் நீட்டும் ரொட்டியை வாங்கிக்கொள்வேன். படம் பிறகு. கேட்டு எடுக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். லயத்துக்குள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பம் இருக்கிறது. அது காட்சிசாலை அல்ல.

தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்த ஸ்டோர்கள் நுவரெலியாவில் உண்டு, பீட்ரு தோட்டத்தில்கூட. உள்ளே போனால் வழிகாட்டி சொல்வதைவிட மூக்கு சொல்வதைக் கேளுங்கள். மேல்மாடியில் கொழுந்து வாடும்போது ஈரப்புல் மணம், அரைத்துப் பரப்பியதும் பழம் கனிந்த வாசம், சூளைக் காற்றில் காய்ந்ததும்தான் நாம் அறிந்த தேயிலை மணம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவை ஒட்டிப் பச்சைக்கொழுந்து போகும். வாட்டுவது பெரும்பாலும் இரவில் நடப்பதால், விடியற்காலையில் ஸ்டோரைக் கடந்து மிதிக்கிறவர்களுக்கு அந்த முதல் மணம் சாலையிலேயே கிடைக்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை. சில ஸ்டோர்களின் ஓரத்தில் ரோதைமுனிக்கு ஒரு கல் இருக்கும். ரோதை என்றால் சக்கரம். இயந்திரச் சக்கரத்தில் கைகால் சிக்காமல் காக்கும் சாமி அது. இரண்டு ரோதை வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் நானும் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் புறப்படுவேன்.

கடைசியில் கோப்பை. மலை ஏறிய நாளிலேயே இரண்டு இடத்துத் தேயிலையைப் பால் சேர்க்காமல் அருந்திப் பாருங்கள். நுவரெலியாத் தேயிலை வெளிறிய பொன்னிறம், மெல்லிய பூவாசம். அட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புள்ளைத் தேயிலைக்குச் சாயம் சற்றுக் கூடுதல், நாக்கின் ஓரத்தில் ஒரு சுள்ளாப்பு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காற்றில் இந்தச் சரிவுகளின் தேயிலை ருசி உச்சத்துக்குப் போகும். சைக்கிளுக்கு நல்ல காலமும் கோப்பைக்கு நல்ல காலமும் ஒன்றாக வருவது நம் அதிர்ஷ்டம். நல்ல ரகம் கப்பலேறிவிடும், தோட்டத்துக் கடையில் ஓடுவது பெரும்பாலும் தூள் தேயிலை. இருந்தாலும் நோர்வூட் ஏற்றத்தில் நனைந்து குளிர்ந்து நிற்கும்போது, கண்ணாடிக் கிளாஸில் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீயும் உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். கருப்பட்டியை உள்ளே போடக் கூடாது. ஒரு கடி, ஒரு மிடறு. கிளாஸ் சுட்டால் சட்டை நுனியால் பிடித்துக்கொள்ளலாம்.