சங்குக்கு இருந்த கணக்கு

தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பின்சுவரில் காரை பெயர்ந்த இடத்தில், தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். சிறுவயதில் அதில் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். அது முருகைக்கல், அதாவது கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறை என்று ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. ஜேம்ஸ் ஹார்னெலின் ‘இந்தியாவின் புனிதச் சங்கு’ என்ற ஆங்கில நூலை வாசித்தபோது அந்தச் சுவர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். நூல் 1914இல் துறை வெளியீடாக வந்தது. அரசாங்க அறிக்கைதானே என்று அலட்சியமாகத்தான் திறந்தேன். ஆனால் மனிதர் கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளைத் தேடிப் பொறுக்குகிறார். பழங்காலத்தில் அங்கே வளையல் பட்டறை இருந்ததை அவற்றை வைத்தே காட்டுகிறார். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு டாக்கா போய், அறுபட்டு, வங்காளப் பெண்ணின் கையில் வளையலாக ஏறும் வரை விடாமல் பின்தொடர்கிறார். இந்தக் கண்தான் நூலின் பெரிய பலம்.

சங்கு அன்று அரசின் ஏகபோகம். குளிப்பவர் எடுத்ததை அரசுக் கிட்டங்கியில் ஒப்படைத்துக் கூலி வாங்க வேண்டும். அளவு குறைந்த சங்கு திரும்பக் கடலுக்கே போக வேண்டும் என்ற விதியும் இத்தொழிலில் உண்டு. இதை அந்தக் காலத்து இயற்கைப் பாதுகாப்பு என்று கொண்டாடத் தோன்றும். எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. இது அடுத்த வருட வரவைப் பத்திரப்படுத்தும் உரிமையாளரின் கவனம்.

மலையிலும் இதே கதைதான். 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளுக்கு எல்லைக்கல் நட்டபோது மரமும் வருமானமும் அதன் கணக்கில் இருந்தன. ஆனால் கணக்கில் ஏறியதால் காடு ஓரளவு பிழைத்தது. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைச்சரிவில் முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயம் ஆனது. அந்த ஆறு வந்து சேரும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆக 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹார்னெல் வகை நூல்களின் குறை இங்கேதான் இருக்கிறது. விலையுள்ளதை அவை அபாரமாகப் பார்க்கின்றன. அது நிற்கும் தரையைப் பார்ப்பதில்லை. என் மென்பொருள் வேலையில் ஒன்று அடிக்கடி நடக்கும். எதற்கு லாக் எழுதுகிறோமோ அது பழுதானால் உடனே தெரியும்; எழுதாத பகுதி சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். சங்குக்கும் முத்துக்கும் கணக்கு இருந்தது. பவளப்பாறை வெறும் கல். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் அதை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஒன்றுமில்லை. தூத்துக்குடிக்கு அருகே விலங்குசல்லி, கீழக்கரைக்கு அருகே பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பாறை வளர்க்கும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது 2001இல். வெட்டுவது பெரும்பாலும் நின்றது 2004 சுனாமிக்குப் பிறகுதான்.

ஹார்னெல் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் வீடும் அந்தக் கல்தான். ஆச்சியிடம் ஒருநாள் கேட்டேன்.

“கடல்ல கல்ல வெட்டினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா ஆச்சி?”

“சங்க எடுத்தாத்தான் சர்க்கார் கேப்பான். கல்லுக்கு யார்ல கேக்கப் போறா?”

நூலுக்கு இதைவிடத் துல்லியமான விமர்சனம் எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் வாசியுங்கள். ஒரு சங்கின் மேல் அவர் வைத்த பொறுமையை, இன்று ஒரு தீவின் மேல், அந்தக் கடலில் குளித்தவர்களின் மேல் வைத்து யாராவது தமிழில் எழுத வேண்டும்.