கைத்தோட்டாவும் புது ரைபிளும்

கலிபோர்னியாவில் வேட்டைக்குப் போகிறவர் ஈயக் குண்டைத் தொடக்கூடாது. 2019 ஜூலை முதல் மாநிலம் முழுக்க இதுதான் சட்டம். காரணம் கலிபோர்னியா காண்டர் என்கிற பிணந்தின்னிக் கழுகு. வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுப்போகும் குடலில் ஈயத் துகள்கள் சிதறிக் கிடக்கும். அதைத் தின்று இந்தப் பறவைகள் செத்தன. 1982-ல் உலகத்திலேயே இந்த வகைக் காண்டர்கள் 22தான் மிச்சம். எனவே புது ரைபிள் வாங்கியபோது எனக்குத் துப்பாக்கியைப் பற்றிய கவலை குறைவு, அதற்குப் போடும் செம்புக் குண்டைப் பற்றிய கவலைதான் அதிகம். கடையில் செம்புத் தோட்டா வகை கொஞ்சம், விலை கூடுதல். நாமே நிரப்பிப் பார்ப்போமே என்று இறங்கினேன்.

ரைபிள், பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் லைட். எடை சுமார் 3 கிலோ. மலையேறும்போது தோள் நன்றி சொல்லும். போல்ட்டை 70 டிகிரி தூக்கினால் போதும், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி பின்னால் வருகிறது. விசையின் இழுப்பை நாமே கூட்டிக் குறைக்கலாம். மேகசினில் மூன்று தோட்டா. பன்றி வேட்டைக்கு அதற்கு மேல் தேவைப்பட்டால் தப்பு துப்பாக்கியிடம் இல்லை.

தோட்டா ரகம் 6.5 கிரீட்மூர். ஹார்னடி நிறுவனம் 2007-ல் இலக்குச் சுடுதல் போட்டிக்காகக் கொண்டுவந்து, பிறகு வேட்டைக்காரர்கள் சுவீகரித்துக்கொண்டது. உதைப்பு மிதமானது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு தலைசுற்றாமல் பறக்க அதை வேகமாகச் சுழற்றிவிட வேண்டும். இந்தக் குழலின் உட்புரி எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. செம்புக்கு அது தாராளம்.

இனி அடுப்படி வேலை. சுட்ட பித்தளைக் கூட்டைப் பிரெஸ்ஸில் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவந்து, பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை அமுக்க வேண்டும். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. தட்டான் கடைத் தராசின் பொறுமை வேண்டும். அச்சிட்ட கையேட்டின் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். கையேட்டின் உச்ச அளவுக்கு இன்னும் இடமிருக்கிறதே என்ற தைரியத்தில், நடுவே ஒரு படியைத் தாண்டிவிட்டேன். வெயில் கொளுத்திய மத்தியானம் அது. நாலாவது தோட்டாவுக்குப் பிறகு, வெண்ணெய் என்று சொன்னேனே, அந்தப் போல்ட் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி மக்கர் செய்தது. அழுத்தம் எகிறியதன் அடையாளம். ஒவ்வொரு குழலுக்கும் குணம் வேறு. ஒரு துப்பாக்கிக்குச் சாதுவான அளவு இன்னொன்றுக்கு முரடு. மீதி இருபத்தாறையும் சுத்தியல் போன்ற ஒரு கருவியால் தட்டித் தட்டிப் பிரித்துவிட்டு, தலைகுனிந்து முதல் படிக்குத் திரும்பினேன். கையால் நிரப்பிய தோட்டாவால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதியிருப்பது ஏன் என்று அன்று விளங்கியது.

சரி, குறி எப்படி? 100 கஜத்தில் மூன்று குண்டை ஓர் அங்குலத்துக்குள் போடும் என்பது டிக்காவின் உறுதிமொழி. கைத்தோட்டா முதல் மூன்று குண்டையும் அரை அங்குலத்தில் அடுக்கியது. துள்ளிக் குதித்தேன். அங்கேதான் ஏமாந்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது துப்பாக்கிக்குச் செல்லாது. அதே தோட்டாவைப் பத்து சுட்டபோது கூட்டம் ஓர் அங்குலத்தைத் தாண்டிவிட்டது. கடைச் செம்புத் தோட்டா பத்தும் ஒன்றேகால் அங்குலம். கால் அங்குலம்கூட இல்லாத இந்த வித்தியாசத்துக்குத்தான் நாலு சாயங்காலமும் ஒரு பிரெஸ்ஸும் ஒரு தராசும். வேகமானியில் மட்டும் என் தோட்டாக்கள் கடைச்சரக்கைவிட ஒழுங்காக வரிசை பிடித்தன. 400 கஜத்துக்கு அப்பால் சுடுகிறவருக்கு அது பெரிய விஷயம். எனக்கு அவ்வளவு தூரத்தில் ஓர் உயிரைச் சுடும் துணிச்சல் கிடையாது.

துப்பாக்கிக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். கைத்தோட்டா, கை வேலையில் ருசி உள்ளவர்களுக்கு. காசு மிச்சம் பிடிக்க வருகிறவர்கள் கருவிகளின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

போன மாதம் மாண்டரே பக்கத்துக் குன்றுகளில், 1920-களில் யாரோ கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் வாரிசு ஒன்று 140 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. ஒரு குண்டு, இருபது அடி ஓடி விழுந்தது. பையில் கடைத் தோட்டா, கைத்தோட்டா இரண்டும் இருந்தன. குழலில் கிடந்தது எது என்று கூட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கடைத் தோட்டா.